மலைச்சியின் இடது கன்னம்

சீனு அண்ணன் திரும்பத் திரும்ப ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை. கிருஷ்ணகிரியில் என் சின்னம்மா மகளுக்கு நிக்காஹ். பெண்கள் பந்தியில் தால்ச்சா வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அடுத்த காமிக்ஸ் இதழுக்கான வசனத்தை இன்னும் அனுப்பாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகூட இந்த மனிதர் ஆளை விடமாட்டாரா என்று எரிச்சலாக இருந்தது. கடைசியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, நாளைக்குள்ள அனுப்பிடறேன், சாப்பாட்டு நேரத்துல உயிரை வாங்காதீங்க” என்று கத்தினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “பர்வீன், நம்ம மஞ்சுளா செத்துட்டாம்மா” என்றார்.

எந்த மஞ்சுளா என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே மஞ்சுளாதான்.

காலையில் பேரிகையில், அம்மா வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். தலை வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்தாளாம். உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். சூளகிரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அவளுக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, வயது நாற்பதைத் தாண்டி ஏதோ கொஞ்சம். முந்தின நாள் சாயங்காலம்தான் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: “ஏய் பர்வீனு, மலைச்சிக்கு டயலாக் எழுத வரலைன்னா சொல்லிடு, அவளை ஊமையாக்கிடறேன். எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல.” அந்தக் குரலுக்கு நான் இன்னும் பதில்கூடப் போடவில்லை. அதற்குள் ஒரு மனுஷி செத்துப்போக முடியுமா? என்ன அநியாயம் இது!

‘மலைச்சி’ காமிக்ஸ் படிக்கிற உங்களில் பெரும்பாலோர் மஞ்சுளாவை நேரில் பார்த்ததில்லை. ஓவியரின் படத்தைப் போடுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறீர்கள். “மலைச்சி இருக்காளே, அவளைப் பாத்துக்கச் சொல்லு” என்பதுதான் அவள் பதில். ஏதோ பெரிய மனிதத் தோரணை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இல்லை, அது நேரான பதில். பகலில் ஒசூர் கம்பெனி ஒன்றில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறவள், ஷிஃப்ட் முடிந்ததும் பாறையில் கையை வைத்து மலையையே எழுப்புகிறவள், முகமூடி போடாத அந்தச் சூப்பர் ஹீரோ மலைச்சியின் முகம் மஞ்சுளாவின் முகம்தான். இடது நெற்றிப்பொட்டில் தொடங்கித் தாடை வரைக்கும் இழுத்துச் சுருங்கிய தோல், முழுதாக மூடாத இடது இமை, ஒரு பக்கமாக இழுபடும் உதடு, வலது மூக்கில் ஒற்றை மூக்குத்தி. ஒன்றைக்கூட அவள் மாற்றி வரைந்ததில்லை.

ஒசூரில் பாகலூர் ரோட்டில் சீனு அண்ணனுக்கு ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சி, சாவு எல்லாமே அங்கே அச்சாகும். அதில் வருகிற காசில், தன் சின்ன வயசு ஆசைக்காக அவர் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். நான் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். லீவு நாளில் வந்து வசனம் எழுதிக் கொடுப்பேன். கடைக்கு டிசைனர் வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தபோது ஒருநாள் மஞ்சுளா வந்தாள். உட்காருங்கள் என்று யாரும் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்து, இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். மேஜைமேல் அந்த மாத இதழ் கிடந்தது. அட்டையில் ஹீரோ நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். எதிரே பாதி முகம் உருகிய வில்லன் பல்லைக் காட்டுகிறான்.

“வேலை கேக்கத்தான் வந்தேன்” என்றாள். “அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க. உங்க கெட்டவனுக்கு என்னாத்துக்கு என் மூஞ்சி?”

சீனு அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. “அது வந்தும்மா... கெட்டவன்னு பாத்ததும் தெரியணும்ல...”

“சரி, என்னைப் பாத்ததும் என்ன தெரியுது?”

“டிசைனர்னு தெரியுது” என்றார் பாவம் மனுஷன்.

முதலில் சிரித்தது நான்தான். பிறகு அவள் சிரித்தாள். வேலை முடிவாகிவிட்டது. ஆனால் விஷயத்தை அவள் அதோடு விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய இதழ்களையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். “இவனுக்கு ஒரு கண்ணு இல்ல, கெட்டவன். இவனுக்குக் கன்னத்துல வெட்டு, இவனும் கெட்டவன். இவன் நொண்டி, கேக்கவே வேணாம். உங்க ஹீரோ பத்தாவது மாடியிலருந்து விழறான், மூஞ்சியில ஒரு கீறல் கெடையாது. அவனுக்கு மட்டும் ஸ்க்ரீன் கார்டு ஒட்டி உட்டிருக்கீங்களா?” அடுத்த வருஷம் அந்த ஹீரோவுக்கு நாங்கள் ஓய்வு கொடுத்துவிட்டு மலைச்சியைத் தொடங்கினோம். அண்ணனுக்குப் பயம்தான். யார் வாங்குவார்கள் என்றார். நீங்கள் வாங்கினீர்கள்.

மஞ்சுளாவின் முகத்தைப் பார்த்த எவருக்கும் உடனே கேட்டாக வேண்டியது ஒன்றுதான்: எப்படி ஆச்சு? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவிலிருந்து பேங்க் கவுன்டரில் இருந்தவர் வரைக்கும் கேட்பார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்வாள். ஆளுக்கு ஒரு பதில். ஆட்டோக்காரரிடம், கிருஷ்ணகிரி டேமில் முதலை கடித்தது என்றாள். பேங்கில், மின்னல் அடித்தது, அதிலிருந்து வீட்டுக் கரண்ட் பில் தானாகக் குறைந்துவிட்டது என்றாள். எனக்குப் பிடித்தது ஜவளகிரி யானைக் கதை. “காட்டுல சுள்ளி பொறுக்கப் போனேன். யானை வந்துச்சு. முத்தம் குடுத்துச்சு. பாசத்துல கொஞ்சம் அழுத்திருச்சு.” முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லாமல் சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பதா, உச்சுக்கொட்டுவதா என்று தெரியாமல் விழிப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொள்வேன்.

இதே கேள்வியை நீங்களும் மலைச்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். மலைச்சிக்கு அந்தத் தழும்பு எப்படி வந்தது, அந்தக் கதையை எப்போது சொல்லப் போகிறீர்கள்? சீனு அண்ணனுக்கும் அதே ஆசை. சூப்பர் ஹீரோ கதை என்றால் தொடக்கத்தில் ஒரு அடி இருக்க வேண்டும், அப்பா அம்மா சாக வேண்டும், உடம்பு சிதைய வேண்டும், அந்த வலியிலிருந்து சக்தி பிறக்க வேண்டும், அதுதான் முறை என்று வாதாடுவார். வில்லனுக்கும் அதே அடிதான், அவனுக்கு மட்டும் அது வெறியாக மாறிவிடும். ஒருநாள் மஞ்சுளாவுக்குப் பொறுக்கவில்லை. மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு நாற்காலியோடு திரும்பினாள்.

“அண்ணே, எனக்கு இப்படி ஆனப்போ சக்தியும் வரல, வெறியும் வரல. வலிச்சுது. ரொம்ப நாள் வலிச்சுது. அவ்ளோதான். வலி என்ன ஜிம்மா, போயிட்டு வந்தா பலம் ஏறறதுக்கு? மலைச்சிக்குப் பலம் அவ பொறக்கும்போதே இருக்குது. தழும்பு அப்புறம் வந்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.”

“படிக்கிறவங்க கேக்கறாங்களேம்மா.”

“கேக்கட்டும். சொல்லிட்டா அப்புறம் அவங்களுக்கு அந்தக் கதைதான் தெரியும், அவளைத் தெரியாது.”

அண்ணன் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். ஆகவேதான் இத்தனை இதழ்களிலும் அந்தக் கதை வரவில்லை. கோபத்தோடு எழுதிக் கேட்டவர்களே, காரணம் இதுதான்.

அவள் பாறாங்கல் கிடையாது. அதையும் சொல்ல வேண்டும். தன் இடது பக்கம் யார் வந்து நின்றாலும் அவளுக்குத் தோள் தூக்கிவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடது பக்கம் கிடைக்காவிட்டால் ஒசூரிலிருந்து பேரிகை வரை கதவுப் பக்கம் தள்ளிப்போய் நின்றுகொண்டே வருவாள். ஒருமுறை கடையில் யாரோ விளையாட்டாக அந்தப் பக்கமிருந்து தோளைத் தட்டிவிட்டார்கள். கையிலிருந்த டீ முழுக்கக் கீபோர்டில் கொட்டியது. பின்பக்கம் போனவள், கண்ணெல்லாம் சிவந்து திரும்பி வந்து, “அந்தக் கீபோர்டு எப்படியும் பழசுதான்” என்றாள்.

இதை அவள் மலைச்சிக்கும் கொடுத்திருந்தாள் என்பது எனக்கே தெரியாது. கண்டுபிடித்தது ஒரு வாசகர். போச்சம்பள்ளிப் பக்கத்து வாலிபர், ஒருநாள் கடையைத் தேடி வந்தார். வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற விரல்கள் பாதிக்குமேல் இல்லை. “மலைச்சி எப்பவும் இடது பக்கம் சுவரோ பாறையோ இருக்கிற மாதிரிதான் நிக்கறாங்க. சண்டையிலகூட. நான் எல்லாப் பக்கமும் புரட்டிப் பாத்துட்டேன்” என்றார். மஞ்சுளா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கையை மேஜைமேல் வைத்தார். “நானும் இப்ப மெஷின் பக்கம் முதுகு காட்டி நிக்கறதில்லைங்க.” அவளும் எப்படி ஆச்சு என்று அவரைக் கேட்கவில்லை, அவரும் அவளைக் கேட்கவில்லை. இருவரும் கடை வாசலில் நின்று டீ குடித்தார்கள், கத்தரி விலையைப் பற்றிப் பேசினார்கள். அவர் போனபிறகு, “நல்ல மனுஷன்” என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்க அவள் வாயில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஃப்ளெக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதி முடிக்க முடியாது. கடையில் சாவு ஃப்ளெக்ஸ் எல்லாம் மஞ்சுளாதான் செய்வாள். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உயிர் போன சில மணி நேரத்தில், தோற்றம், மறைவு, கண்ணீர் அஞ்சலி என்று பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்குப் படம் ஏறிவிடும். கொஞ்சம் கலர் ஏற்றுங்கள், சுருக்கத்தை எடுங்கள், நரையைக் கறுப்பாக்குங்கள் என்று கேட்பார்கள். அவளும் செய்து கொடுப்பாள். ஒருநாள் சூளகிரியிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் செத்துப்போன அப்பாவின் ஃபோட்டோவோடு வந்தார்கள். நெற்றியில் பெரிய வெட்டுத் தழும்பு. அண்ணன் எடுத்துவிடச் சொன்னான். எடுத்ததும் தங்கை பெருங்குரலில் கத்தினாள்: “யோவ், அது இல்லாட்டி அவரு எங்கப்பனே இல்லய்யா!” மஞ்சுளா தழும்பைத் திரும்ப வைத்துத்தான் அச்சுக்கு அனுப்பினாள். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, “ஏய், நான் செத்தா சீனு அண்ணன் மவுஸைத் தொடக்கூடாது. என் மூஞ்சிய அப்படியே போடணும். நீதான் பொறுப்பு” என்றாள்.

“நீ சாகறதுக்குள்ள உன்கூடச் சண்டை போட்டே நான் போய்ச் சேர்ந்திருப்பேன்” என்றேன்.

“விளையாடாத. சொல்லு, பாத்துக்கறியா?”

“பாத்துக்கறேன் தாயே, பாத்துக்கறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜரிகைத் துப்பட்டாவும் மருதாணிக் கையுமாகக் கல்யாண மண்டபத்திலிருந்து அப்படியே கிளம்பினேன். சூளகிரியில் இறங்கிப் பேரிகை பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழவில்லை. அழுவதற்கு ஒரு விஷயம் உறைக்க வேண்டுமே, எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பேரிகையில் இறங்கியதும் எதிரே ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. மஞ்சுளா என்று பெயர். படத்தில் யாரோ ஒரு பெண்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு! அல்லாமேல் ஆணை, அப்படித்தான் இருந்தது. இது வேறு மஞ்சுளா. பேரிகையில் ஒரு மஞ்சுளாதானா இருப்பாள்? சீனு அண்ணன் தப்பாகக் கேட்டுவிட்டார், அவசரக்குடுக்கை மனுஷன். இப்போதே மஞ்சுவுக்கு ஃபோன் போட்டு, உன்னைச் சாகடித்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். ஃபோனை எடுத்துவிட்டேன். அவள் எண்ணையும் அழுத்திவிட்டேன். காதில் ரிங் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பெண்ணின் மூக்கைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஒரே மாதிரி மூக்குத்தி, ஒரே உயரத்தில். வலது கன்னத்தில் மஞ்சுவுக்கு இருந்த மச்சம் இடது கன்னத்திலும் இருந்தது.

வலது பாதி முகத்தை எடுத்துத் திருப்பி இடது பக்கம் ஒட்டியிருந்தார்கள்.

அங்கேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் செத்துப்போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பொய் முகத்தைப் பார்த்துத்தான் உறைத்தது.

வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சுவரில் அதே ஃப்ளெக்ஸ் இன்னொன்று. உள்ளே அவளைக் கிடத்தியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள், முகத்தின் இடது பக்கம் மொத்தமும் ரோஜாவும் சாமந்தியுமாகக் குவித்து மூடியிருந்தது. பக்கத்தில் அவள் அம்மா. அந்தம்மாவுக்குத் தமிழும் தெலுங்கும் ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் வரும். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, வாசல் பக்கம் காட்டி, “பர்வீனு, அது எவரு ஃபோட்டோம்மா? நம்ம வூட்ல என்னாத்துக்கு மாட்டியிருக்காங்க?” என்று கேட்டாள். பிறகு அந்தம்மா, ஏதோ ஞாபகம் வந்தவள்போல மகள் பக்கம் குனிந்து, கன்னத்தில் கிடந்த பூவையெல்லாம் கைப்பிடி கைப்பிடியாக வழித்து ஒதுக்கினாள். “மூச்சு முட்டும்டி அவளுக்கு. இந்தப் பக்கம் எது பட்டாலும் அவளுக்கு ஆவாது.”

அப்போது நான் அழுத அழுகையில் என்னைப் பிடித்து வெளியே கூட்டிவந்தது சீனு அண்ணன்தான். அவரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டது. சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல் சட்டையைப் பிடித்துவிட்டேன். “யாரைக் கேட்டு அண்ணே அவ மூஞ்சிய மாத்துனீங்க? இத்தனை வருஷமா மலைச்சியைப் போட்டது எல்லாம் வேஷமா?”

அவர் சட்டையை விடுவிக்கவில்லை. அழுது அழுது அவர் முகமே வீங்கிக் கிடந்தது. “அது கதைம்மா. இது சாவு ஃப்ளெக்ஸ். ஊர் முழுக்கப் பாக்கும். காலையில தகவல் வந்ததும் கடையைத் திறந்தேன். அவ நாற்காலியிலதான் உக்காந்தேன். எத்தனை பேருக்கு அவ எவ்ளோ அழகா செஞ்சு குடுத்திருக்கா, அவளுக்கு நான் நல்லா செய்யணும்ல? இவ்ளோ நல்லா நான் யாருக்கும் செஞ்சதில்ல பர்வீன்.” எனக்கு அவரை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. சட்டையை விட்டேன். அவரே போய் சுவரில் இருந்த ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டினார். பஸ் ஸ்டாப்பில் இருந்ததையும் நாங்கள் இருவரும் போய் எடுத்தோம். அவளை அவர்கள் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

காரியத்துக்கு வேறு ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும் என்று மஞ்சுளாவின் அம்மா சொல்லி அனுப்பினாள். சரியான படம் வேண்டும். அங்கேதான் அடுத்த அதிர்ச்சி. என் ஃபோனில் அவள் படம் எத்தனையோ இருந்தது. ஒன்றில்கூட அவள் இல்லை. இந்தக் காலத்து ஃபோன் கேமராவுக்கு நாம் சொல்லவே வேண்டாம், தோல் என்று கண்டதும் தானாகவே வழித்து மெழுகிவிடுகிறது. எல்லாப் படத்திலும் அந்த இடது கன்னம் கலங்கலாக, தண்ணீரில் நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. சீனு அண்ணன் ஃபோனிலும் அப்படியே. மிச்சம் இருந்தது ஆதார் அட்டைப் படம். அதைப் பற்றி அவளே சொல்லியிருக்கிறாள்: “அதுல மட்டும்தான் எல்லாருக்கும் நீதி. ஊருல இருக்கிற அத்தனை பேரும் வில்லன்தான்.” நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், அவள் முகம் என் கையில் இல்லை!

அண்ணன்தான் கடைசியில் அவள் கம்ப்யூட்டரைத் திறந்தார். சில இதழ்களுக்கு முந்தைய பக்கம் ஒன்று. மலைச்சி பாறையில் சாய்ந்து நிற்கிறாள். எதிரே யாரோ வருகிறார்கள், நேராகப் பார்க்கிறாள். தோலின் ஒவ்வொரு சுருக்கமும், மூடாத இமையும், ஒற்றை மூக்குத்தியும் இருந்தன. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவள் அதை வரைந்த நாள் எனக்குத் தெரியும். அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நீயே பேரை மட்டும் போடும்மா. நான் தொடல.” அதைப் பேரிகைக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். முந்தானையால் ஃபோன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். “ம். இவதான். சண்டைக்கு நிக்கற மாதிரியே நிக்கறா பாரு. இதைப் போடு.”

காரியத்தன்று பேரிகை பஸ் ஸ்டாப்பில் மலைச்சி நின்றாள். தோற்றம், மறைவு, கீழே உறவுக்காரர்கள் பெயர்கள், மேலே பாறையில் சாய்ந்து நிற்கிற பெண். இப்படி ஒரு சாவு ஃப்ளெக்ஸை அந்த ஊர் பார்த்திருக்காது. போகிற பைக்கெல்லாம் வேகம் குறைந்தது.

ஜவளகிரிக் காட்டை வரைவதற்காக நானும் அவளும் ஒருமுறை போயிருந்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில், நான் கேட்காமலே, எப்படி ஆச்சு என்பதைச் சொன்னாள். சின்னக் கதை. தளி வருவதற்குள் முடிந்துவிட்டது. “இதுல வில்லன் கெடையாது, அதான் யாருக்கும் பிடிக்காது” என்று சொல்லிவிட்டுக் கடலை வாங்கித் தின்ன ஆரம்பித்தாள். அடக்கத்தன்று அந்த வீட்டு வாசலில், ஸ்டவ் வெடித்தது என்று ஒருவர் சொன்னார், கம்பெனியில் ஆசிட் என்று இன்னொருவர், காதல் விவகாரம் என்று ஒரு அம்மா அடித்துச் சொன்னாள். நான் பேசாமல் இருந்தேன். இங்கேயும் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லிவிட்டால் உங்களுக்கு அந்தக் கதைதான் தெரியும்.

காரியம் முடிந்து பஸ்ஸுக்காக நின்றேன். தக்காளிக் கூடைகளோடு ஒரு அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், வேறு ஊர்க்காரி. ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது யாரும்மா, சினிமாக்காரியா?”

“இல்லைங்க. இந்த ஊர்ப் பொண்ணுதான். மஞ்சுளா. என் சிநேகிதி.”

“அடப் பாவமே. மூஞ்சிக்கு என்னாச்சு?”

பஸ் வந்துகொண்டிருந்தது. “ஜவளகிரி காட்டுல யானை முத்தம் குடுத்துச்சுங்க” என்றேன். “பாசத்துல கொஞ்சம் அழுத்திருச்சு.”

அந்தம்மா என்னைப் பார்த்தாள், ஃப்ளெக்ஸைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மஞ்சு, நீ பார்த்திருக்க வேண்டும் அந்த முழியை!

அவள் எனக்கு விட்டுப்போனது இவைதான்: தளி பஸ்ஸில் சொன்ன அந்த உண்மை, ஊருக்கெல்லாம் சொன்ன இந்தப் பொய். உண்மை என்னோடு இருக்கட்டும். பொய்யை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சியின் இடது கன்னத்தைக் காட்டி யாராவது கேட்டால், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொல்லுங்கள்.